ஓடைக்கு இக்கரையில் ஒரு பாறை

நேற்று தொண்டை கட்டிக்கொண்டது. தேர்வுக்கு முன் பாடங்களை முடித்துவிட வேண்டும் என்று நாள் முழுக்கப் பேசியதன் விளைவு. பக்கத்து வீட்டு அம்மாள் கடுக்காயை உடைத்து, கொட்டையை எறிந்துவிட்டு, மேல்தோலில் ஒரு துண்டைக் கொடுத்து, கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். இந்த மாதிரி வைத்தியங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். துவர்ப்பு நாக்கைச் சுருட்டியது. உடனே நீ வந்துவிட்டாய்: ஒரு பாறைமேல் குந்தியபடி, ஒரு கன்னம் உப்பலாக, குரல் போன பிறகும் கத்திக்கொண்டு.

உன் வீட்டில் கடுக்காய் மருந்தே அல்ல. வாணியம்பாடியில் உன் அப்பாவின் தோல் மண்டியில் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மலையிலிருந்து இறங்கித் தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் போகும். “எங்க வூட்டு ஆட்டுத்தோலெல்லாம் இதத்தான் தின்னுது. என் தொண்டை இன்னா அதவிட ஒசத்தியா?” என்று சொல்லி நீ அதை வாயில் போட்டுக்கொண்ட அந்தப் புரட்டாசியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீ இறந்துபோன சமயத்தில் உன்னைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். சேவை, தியாகம் என்று எழுத வேண்டியிருக்கும். அந்தச் சொற்களைக் கேட்டால் நீ சிரித்திருப்பாய்.

நாம் ஒரே வகுப்பில் படித்தோம். நான் உளவியல் பாடம் நடத்துபவளாகச் சென்னையிலேயே தங்கிவிட்டேன். நீ ஜவ்வாது மலையில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு ஆலோசகராகப் போனாய். நோயாளிகளோடு பேசுவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது அந்நாளில் வேடிக்கையான விஷயம். ஊசி போடாத டாக்டரம்மா என்று மலைக்காரர்கள் உனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கொஞ்சம் பழகியவர்களுக்கு நீ பாயம்மா.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே வந்தது உன்னைப் பார்க்க மட்டுமல்ல. ஆலோசகருக்கும் வந்தவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தால் வந்தவர் மனம்விட்டுப் பேசுவார் என்பது என் ஆய்வு. நான் படித்தவை எல்லாம் நகரத்துக்காரர்களைப் பற்றியவை. மலையில் என்ன ஆகிறது என்று பார்க்க விரும்பினேன். உன் அறையின் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று கோடுகள் போட்டேன். கிட்டத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, தள்ளி ஒன்று. வருபவரின் நாற்காலி ஒவ்வொரு முறையும் நான் சொல்லும் கோட்டில் இருக்க வேண்டும். பேசிவிட்டு வெளியே வந்ததும் நான் அவர்களைக் கேட்பேன்: உட்கார்ந்த இடம் வசதியாக இருந்ததா?

“நல்லா கீதுங்க.”

முதல் கோட்டில் உட்கார்ந்தவரும் இதைத்தான் சொன்னார், கடைசிக் கோட்டில் உட்கார்ந்தவரும் இதைத்தான் சொன்னார். ஒரே ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி, “ஒரு கொறைங்க” என்றார். நான் ஆவலோடு பேனாவைத் திறந்தேன். “நாற்காலி ஆடுதுங்க.”

அன்று மாலை முழுவதும் நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். “ப்ரொபசரம்மா, காவலூர்ல ஒருத்தர் குழாய் வச்சி நட்சத்திரத்தப் பாக்கறாரே, அவரு கிட்டப் போயா பாக்கறாரு? எது எது எவ்ளோ தூரத்துல தெரியணுமோ அவ்ளோ தூரத்துல தெரியும்.” அது விஞ்ஞானம் அல்ல, வெறும் பேச்சு என்று நான் சொன்னேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பச்சையம்மா அந்த வாரம்தான் வந்தாள். இருபது வயதுதான் இருக்கும். கைக்குழந்தை இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புருஷன் வீட்டில் ஒருமுறை சாகத் துணிந்தவளை அண்ணன் போய்த் தூக்கிக்கொண்டு வந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தான். உடம்பு தேறிவிட்டது. வாய் திறக்கவில்லை. மூன்று வயதில் அவளுக்கு இன்னொரு பெண் குழந்தை உண்டு, மல்லிகா. அந்தக் குழந்தையையும் அவள் கிட்டே சேர்க்கவில்லை. அண்ணன் மனைவிதான் இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். சாமைக் கதிரைச் சாமிக்குப் படைத்து முடிந்ததும் புருஷன் வீட்டார் வருவார்களாம். இவள் இப்படியே இருந்தால் குழந்தையை எடுத்துக்கொண்டு போய், அவனுக்கு வேறு பெண் கட்டிவைப்பார்களாம். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லியும் வைத்துவிட்டார்கள். அண்ணன்காரன் இதை உன்னிடம் சொன்னபோது நானும் இருந்தேன். “பெத்தவ தொடாத புள்ளைய நான் இன்னான்னு சொல்லி வச்சிக்கறதுங்க?” என்று அவன் கேட்டான்.

அவளை நடுக்கோட்டில் உட்கார வைத்தோம். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். கடைசிக் கோட்டில் வைத்தோம். சுவர்வரை தள்ளினாள். நீ என்னைக் கேட்காமல் உன் நாற்காலியை விட்டெழுந்து, அவளருகே தரையில் உட்கார்ந்தாய். எல்லோரிடமும் பலிக்கும் உன் வழி அது. அவள் எழுந்து வெளியே போனவள்தான். மறுநாள் கட்டில் காலியாக இருந்தது. அண்ணனுடைய கொல்லையில், அதாவது சாமை விளையும் மலைக்காட்டில், காவல் பரண்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்று சேதி வந்தது.

நீயும் நானும் நடந்தோம். ஒரு சரிவு முழுக்கச் சாமையும் தினையும் கதிர் தள்ளி நின்றன. கொல்லைக்கொரு பரண். ஒவ்வொரு பரணிலும் ஒருவர் கவணோடு உட்கார்ந்து குருவியும் கிளியும் ஓட்டிக்கொண்டிருந்தார். பச்சையம்மாவின் பரண் சரிவின் நடுவில் இருந்தது. நாம் வரப்பில் கால் வைக்கப்போனபோது அண்ணன் மனைவி ஓடிவந்து மறித்தாள். அந்த ஊர் வழக்கம் அது. கதிர் முற்றத் தொடங்கினால், படையல் போடும் நாள்வரை வெளியார் யாரும் கொல்லைக்குள் வரக்கூடாது. வீட்டாரும் புதுக் கதிரில் ஒரு மணியை வாயில் போடக்கூடாது. போட்டால் அந்த வாய்க்கு ஆகாது.

அவள் ஏன் அங்கே போய் ஏறினாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. புருஷன் வீட்டார் நுழைய முடியாத இடம் அது. நாமும் நுழைய முடியாது.

வேறு யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். நீ ஓடையைத் தாண்டி எதிர்ச்சரிவுக்குப் போனாய். அந்த வருஷம் விதைக்காமல் விட்ட நிலம். அதிலிருந்த ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாய்.

“பச்சையம்மா! சாப்டியாம்மா?”

மேல் பரணிலிருந்து இன்னொரு குரல்தான் வந்தது. காசியம்மா. நாற்பது வயதிருக்கும், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள் என்று பிறகு தெரிந்தது.

“அவ எங்க சாப்டறா! என்னக் கேளுங்க பாயம்மா, நான் சாப்ட்டேன்!”

“இன்னா சாப்ட்டீங்க?”

“நேத்து ஆக்கின களி! உங்கூட்டு பிரியாணியா வரும் இங்க?”

சரிவு முழுக்கச் சிரித்தது. எனக்குக் கூசியது. ஆலோசனை என்பது மூடிய அறையில் நடப்பது. கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர். இங்கே ஆறேழு பரண்கள், எல்லாவற்றிலும் காதுகள். உன்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். நீ திரும்பாமலே பதில் சொன்னாய். “ஊரே அவளப் பத்தி அவளுக்குக் கேக்காம பேசிகினு கீது. இப்ப அவளுக்கும் கேக்கட்டும்.” எனக்கு ஒப்புதல் இல்லை.

பிறகு நீ கேட்டாய். “பச்சையம்மா! நான் இங்கயே இருக்கட்டுமா? இன்னும் தள்ளிப் போவட்டுமா?”

கவணிலிருந்து ஒரு கல் விசிறிப் போனது. அப்புறம், நாம் அதுவரை கேட்டிராத ஒரு குரல்: “அங்கயே இருங்கக்கா.”

அடுத்தடுத்த நாட்களில் வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்ததும் நீ அந்தப் பாறைக்குப் போனாய். நானும் வந்தேன். என் கோடுகள் அறையில் அழிந்துகொண்டிருந்தன. நீ அவளிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குருவியை எப்படி ஓட்டுவது, கவணுக்கு எது நல்ல கல், மழை வருமா. உன் தொண்டை மறுநாளே கட்டிக்கொண்டது. கடுக்காய் வந்தது அப்போதுதான். அவள் ஒரு சொல், இரண்டு சொல்லாகப் பதில் சொன்னாள். நான் ஒன்றைக் கவனித்தேன். அந்தத் தூரத்தில் முகம் தெரியாது. நீ பரிதாபமாகப் பார்க்கிறாயா, அலுப்பாகப் பார்க்கிறாயா என்று அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவள் அழுதால் நமக்கும் தெரியாது. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நிறுத்தி, காற்று அடங்கும்வரை காத்திருந்து சொல்ல வேண்டும். அவசரப்பட வழியே இல்லை.

அவள் அதைச் சொன்ன நாள் வெயில் நன்றாக அடித்தது. அண்ணன் மனைவி மல்லிகாவோடு கொல்லை ஓரத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். “பாப்பாவப் பரண்கிட்ட வரச் சொல்லட்டுமா?” என்று நீ கேட்டாய்.

“வேணாங்க்கா! கிட்ட வரக்கூடாது! என் கிட்ட வந்தா தங்காது!”

“எது தங்காது?”

“உசுரு.”

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. “பால் குடிச்சிகினே தூங்கிச்சுக்கா. நானும் தூங்கிட்டேன். காலைல பாத்தா சில்லுனு கீது. அத்தை சொல்லிச்சு, நீதாண்டி மேல படுத்து அமுக்கிட்டன்னு. எனக்குத் தெரியலக்கா. தூங்கறவளுக்கு இன்னா தெரியும்?”

மெல்லச் சொல்ல வேண்டிய சொற்கள். ஆனால் ஓடையைத் தாண்டி வர வேண்டும் என்பதால் அவள் அவற்றைக் கத்தித்தான் சொன்னாள். மலை அதை வாங்கி இன்னொரு முறை சொன்னது. நான் அதுவரை எண்ணியிருந்தது வேறு. நம்மைக் கண்டு பயந்துதான் அவள் நாற்காலியைத் தள்ளினாள் என்று குறித்துவைத்திருந்தேன். அவள் பயந்தது நமக்காக. நீ தரையில் அவளருகே உட்கார்ந்தபோது, உன்னைக் காப்பாற்றத்தான் அவள் எழுந்து போயிருக்கிறாள்.

யாரும் கல் வீசவில்லை. குருவிகள் கூட்டமாக இறங்கிச் சரிவு முழுக்கத் தின்னத் தொடங்கின. யாரும் ஓட்டவில்லை.

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். உன் தவறல்ல என்று சொல்வாய் என எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீ கடுக்காயைத் துப்பிவிட்டு எழுந்து நின்றாய்.

“எனக்கும் தெரியாது பச்சையம்மா!” உன் குரல் கிழிந்தது. “புள்ளைக்கு அதுக்கு முன்னாடி ஜொரம் இருந்திச்சா?”

“இருந்திச்சு.”

“அதனாலயும் போயிருக்கலாம். தானாவும் போயிருக்கலாம். நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. உங்க அத்தைக்கும் தெரியாது! தெரிஞ்ச மாதிரி யாராச்சும் சொன்னா, அது பொய்!”

மேலேயிருந்து காசியம்மா பேசினாள். சிரிப்பு இல்லாத குரல். அவள்தான் என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

“ஏ புள்ள. எனக்கும் ஒண்ணு அப்படித்தாண்டி போச்சு. பக்கத்துல படுத்திருந்திச்சு. உங்க மாமனுக்குக்கூட நான் சொன்னதில்ல. பேதியில போச்சுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நாலு பெத்தேன். நாலும் என் பக்கத்துலதான் படுத்திச்சிங்க. நாலும் கீது.” பிறகு பழைய குரல் திரும்பியது. “இன்னாங்கடி எல்லாரும் வாயப் பாத்துகினு கீறீங்க? கொல்லையக் குருவி தின்னுது, கவண எடுங்க!”

அன்று திரும்பி வரும்போது உனக்குக் குரல் இல்லை.

அதன் பிறகு நீ ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டாய். பாப்பா எதுவரைக்கும் வரலாம்? அவள் இடம் சொன்னாள். வேலிப் படல்வரைக்கும். மறுநாள் நெல்லி மரம்வரைக்கும். அடுத்து, பரணுக்குக் கீழே சற்றுத் தள்ளியிருந்த புற்றுவரைக்கும். அதற்குமேல் ஓர் அடி நகரவில்லை. படையலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். புற்றோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். குழந்தையும் அங்கேயே நின்றுவிட்டது. மாதக்கணக்கில் தொடாத அம்மாவிடம் எந்தக் குழந்தையும் ஓடிப்போகாது. அண்ணன் மனைவி தள்ளிவிட்டாலும் அது அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது.

படையலுக்கு முந்தின நாள் மல்லிகாவுக்கு அலுத்துப்போயிற்று. புற்றோரம் உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள். கைக்கெட்டிய ஒரு தினைக் கதிரை உருவி வாயில் போட்டுக்கொண்டாள்.

பச்சையம்மா போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவள் பரணிலிருந்து எப்படி இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. குதித்துத்தான் இருக்க வேண்டும். பார்த்தபோது குழந்தையை மடியில் கவிழ்த்து, வாய்க்குள் விரலை விட்டு, ஒவ்வொரு மணியாக நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். “துப்புடி! துப்பு! படைக்காத கதிரடி, உனக்கு ஆவாதுடி, துப்புடி கண்ணு!”

“ஏய், கடிச்சிடப் போவுது!” என்று காசியம்மா கத்தினாள்.

மல்லிகா கடித்தேவிட்டாள். பச்சையம்மா விரலை எடுக்கவில்லை. கடைசி மணி வந்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் தன் மடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். குழந்தை வீறிட்டு அழுதது. நல்ல உயிருள்ள அழுகை. அவள் அதைக் கேட்டுக்கொண்டே அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை இருந்த இடத்திலேயே இருந்தது.

நீ பாறைமேல் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாய். நான் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரார் அந்த ஒரு வாய்க் கதிருக்காகச் சாமிக்கு ஒரு கோழி கொடுக்கச் சொன்னார்கள். அண்ணன் சந்தோஷமாகக் கொடுத்தான். புருஷன் வீட்டார் வந்தபோது குழந்தை பச்சையம்மாவின் இடுப்பில் இருந்தது. கையை நீட்டினார்கள். அவள் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். புள்ள தாய்கிட்டதான் இருக்கும் என்று ஊர்த்தலைவரான கவுண்டர் சொன்னார். அவளையும் தங்களோடு வரச்சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் போகவில்லை.

இதை நீயும் நானும் எத்தனை முறை வாதாடியிருக்கிறோம். தூரம்தான் அவளை மீட்டது என்பாய். அதை நிரூபிக்க முடியாது என்பேன். காசியம்மா வாய் திறந்ததாலாக இருக்கலாம். குழந்தை கதிரை வாயில் போட்டதாலாக இருக்கலாம். காலம் கொஞ்சம் போனதாலாக இருக்கலாம். “சரி, எல்லாந்தான்னு வச்சிக்கோ. நீ எழுதறப்ப எது எத்தனை அடின்னு எழுதுவ?” நான் எழுதவில்லை. கட்டுரையில் மூன்று கோடுகள் மட்டும் இருந்தன, அவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்ற முடிவும். அது உண்மையான முடிவுதான்.

உன் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்பதை நீ கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. தந்தி கிடைத்து நான் வாணியம்பாடிக்கு வந்து சேர்ந்தபோது உன்னை எடுத்துப்போயிருந்தார்கள். உன் அண்ணன் வீட்டில் பெண்கள் கூடியிருந்த அறையில் சுவரோரமாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தேன். எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அது வராது. என்னைப் பார்த்தவர்களுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். என்னைச் சுற்றிக் கொஞ்சம் பாய் காலியாகவே கிடந்தது.

மதியத்துக்குமேல் பச்சையம்மா வந்தாள். மல்லிகா தாவணி போட்டிருந்தாள். சேதி கிடைத்ததும் இருட்டோடு கிளம்பி, அமிர்தி வழியாக வேலூர் வந்து, பஸ் மாறி வந்திருந்தார்கள். “எடுத்துட்டாங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்தக் காலிப் பாயில் வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். அவளும் நானும் அதற்குமுன் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டோம். தலையை என் தோளில் சாய்த்து அழுதாள். சத்தமில்லாத அழுகை. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது. மூச்சு சீராக வந்தது.

தூங்கியிருந்தாள்.

மல்லிகா சங்கடப்பட்டு, “ராத்திரியெல்லாம் அம்மா படுக்கலீங்க. எழுப்பட்டுங்களா?” என்று கேட்டாள். வேண்டாமென்று தலையசைத்தேன். அவளும் அம்மாவின் மறுபக்கம் சாய்ந்துகொண்டாள்.

மாலைத் தொழுகைக்கு அழைக்கும்வரை நான் அசையவில்லை. கை மரத்துப்போய், பிறகு வலித்து, பிறகு வலியும் தெரியாமல் போயிற்று. மனிதர் தூங்கும்போது இவ்வளவு கனப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. என்மேல் யாரும் அப்படித் தூங்கியதில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிய முதல் செய்தி அதுதான். சொல்ல நீ இல்லை. அதனால் அந்தக் கனத்தை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.